முன்னும் பின்னும் போய் வந்தே கிளட்ச் பிளேட் தேய்கிறது: லோடர் டிராக்டர் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

கரட்டுமேடு | திங்கள் இரவு 9.40

வணக்கம். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகளில் எரு அள்ளி ஏற்றுவது என் தொழில். வண்டி 47 ஹெச்பி, எட்டு முன் கியர், இரண்டு ரிவர்ஸ், சிங்கிள் கிளட்ச். வாங்கி ஏழு வருடம் ஆகிறது. முதல் ஐந்தரை வருடம் கலப்பையும் டிரெய்லரும் மட்டும்தான். கம்பெனியில் போட்டு வந்த கிளட்ச் பிளேட்டே (இஞ்சின் சக்தியை கியர் பெட்டிக்குக் கடத்தும் உராய்வுத் தட்டு) அதுவரை ஓடியது. அப்புறம் முன்னால் லோடர் (எரு அள்ளும் வாளிக் கை) மாட்டினேன். மாட்டியதிலிருந்து இரண்டு பிளேட் போய்விட்டது. இரண்டாவது ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. வண்டி இப்போது பட்டறையில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

வேலை இப்படித்தான்: குவியலில் முட்டி வாளியை நிரப்பணும், பின்னால் வரணும், திரும்பி டிரெய்லருக்குப் போகணும், கொட்டிவிட்டு மறுபடி பின்னால் வரணும். ஒரு வாளிக்கு நாலு தடவை திசை மாறுகிறது. ஒன்றரை யூனிட் (150 கன அடி) டிரெய்லர் நிறைய 14 வாளி வேண்டும். ஆக லோடுக்கு 56 தடவை. ஒரு நாளைக்கு 12 லோடு என்றால் 672. நேற்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கம் இதைப் பெருக்கிப் பார்த்தேன், அதிலிருந்து தூக்கம் போச்சு.

மெக்கானிக் டிரைவரைக் கை காட்டுகிறார். டிரைவர் 'பிளேட் டூப்ளிகேட்' என்கிறார். கிளட்ச் தேயாமல் முன்னும் பின்னும் மாற்ற ஒரு முறை இருக்கிறதா, இல்லை இந்த வேலைக்கே டிராக்டர் லாயக்கில்லையா?

வண்டல் | திங்கள் இரவு 10.05

டிரைவர் கிளட்ச் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவார். வேறு என்ன.

பட்டறை_17 | செவ்வாய் காலை 6.30

வண்டி பிரிந்து கிடப்பது ஒருவகையில் நல்லது. ஆளைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், பிரித்துப் போட்ட சாமானைக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடும். இன்றைக்கே பட்டறைக்குப் போய் நான்கு இடத்தைப் பாருங்கள்.

ஒன்று, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஃபிங்கர் நுனிகள். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் வந்து முட்டும் இடம் அது. அங்கே பள்ளம் விழுந்து பளபளவென்று இருந்து, பேரிங்கைக் கையில் சுற்றினால் கரகரவென்றால், வண்டல் சொன்னதுதான் காரணம்: பெடலில் கால் ஊன்றி ஓட்டியிருக்கிறார், அல்லது பெடலில் ஆட்டமே (கிளட்ச் வேலை செய்யும்முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

அடுத்தது ஃப்ளைவீல் முகம், அதாவது இஞ்சினோடு சுற்றும் சக்கரத்தில் பிளேட் உரசும் பக்கம். நீலம் நீலமாகத் திட்டு இருக்கிறதா, தலைமுடி போல வெடிப்பு ஓடுகிறதா? இருந்தால் அது சூடு. ஃபிங்கர் நல்லபடியாக இருந்து ஃப்ளைவீல் நீலம் பாரித்திருந்தால் பெடலில் கால் வைத்தது குற்றமில்லை, பெடலை விடும்போது வழுக்கவிட்டதுதான் குற்றம். இரண்டும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு.

மூன்றாவது, பிளேட்டில் எண்ணெய் ஈரம். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் எந்த ஓட்டுநர் வந்தாலும் பிளேட் நிற்காது. கடைசியாகப் பழைய பிளேட்டின் தேய்மானம். இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்து ரிவெட் தெரிகிறதா, ஒரு பக்கம் மட்டுமா?

டூப்ளிகேட் சாமான் சந்தையில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு தடவையும் அதுவேதான் என்றால் நம்புவது கஷ்டம்.

கரட்டுமேடு | செவ்வாய் மதியம் 1.15

போய்ப் பார்த்தேன் அண்ணா. ஃபிங்கர் நுனியில் பெரிதாகப் பள்ளம் இல்லை. பேரிங் சத்தமில்லாமல் சுற்றுகிறது. எண்ணெய் இல்லை. ஃப்ளைவீலில் மட்டும் எட்டணா அளவுக்கு நீலத் திட்டுகள், எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பிளேட் இரண்டு பக்கமும் ரிவெட் தலை வரை தேய்ந்திருக்கிறது. முகர்ந்தால் இன்னும் அந்தக் கருகல் வாடை.

பட்டறை_17 | செவ்வாய் மதியம் 1.40

அப்போ வழுக்கல்தான். ஃப்ளைவீலை லேத்துக்கு அனுப்பி முகம் எடுக்காமல் (சமமாகக் கடையாமல்) புதுப் பிளேட் போட வேண்டாம். போட்டால் மூன்றாவதும் அதே கதைதான்.

டிரைவர் எந்த கியரில் ஓட்டுகிறார்? லோவிலா (மெதுவான கியர்கள்), ஹையிலா (வேகமான கியர்கள்)?

கரட்டுமேடு | செவ்வாய் மதியம் 2.10

ஹை லிவரில் போட்டு, ஃபர்ஸ்ட், ரிவர்ஸ், ஃபர்ஸ்ட், ரிவர்ஸ். லோவில் போட்டால் நத்தை மாதிரி இருக்கிறது என்கிறார்.

கணக்கு_வாத்தியார் | செவ்வாய் மாலை 5.50

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். இதைக் கணக்காகச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

இஞ்சின் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. நிற்கிற வண்டியை கிளட்ச் மூலம் கிளப்புகிறீர்கள். வண்டி கடைசியில் பெறும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, அதே அளவு சூடு பிளேட்டில் இறங்கும். இஞ்சின் கொடுப்பதில் பாதி ஓட்டத்துக்கு, பாதி சூட்டுக்கு. எவ்வளவு பதமாகப் பெடலை விட்டாலும் இந்தப் பங்கு மாறாது. இது தவிர்க்க முடியாத செலவு, வைத்துக்கொள்வோம்.

இப்போது வண்டி பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் கியரைப் போட்டு பெடலை விடுகிறீர்கள். ஃப்ளைவீல் ஒரு திசையில் சுற்றுகிறது, பிளேட் எதிர்த் திசையில் சுற்றுகிறது. வேக வித்தியாசம் இரண்டு மடங்கு. சூடு அந்த வித்தியாசத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே இரண்டு மடங்கு சூடு என்று நினைத்துவிடாதீர்கள், நான்கு மடங்கு.

கியரும் அப்படித்தான். லோடரோடு சேர்த்து வண்டி 3 டன் என்று வைப்போம். ஹை கியரில் மணிக்கு 10 கிலோமீட்டர், லோவில் 4 கிலோமீட்டர் என்று தோராயமாக எடுத்துக்கொண்டால், வேகம் இரண்டரைப் பங்கு, சூடு ஆறேகால் பங்கு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஹையில் ஓட ஓட மாற்றுவதற்கும், லோவில் பிரேக் பிடித்து நிறுத்தி மாற்றுவதற்கும் நடுவே 25 மடங்கு.

இன்னும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொன்னால், முதல் முறையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு டீ டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அந்தப் பிளேட்டுக்குப் போகிறது. இரண்டாவது முறையில் அதே தண்ணீர் மூன்று டிகிரிதான் சூடாகும். நாளைக்கு 672 டம்ளர் என்றால் டீக்கடையே வைக்கலாம்.

வண்டல் | செவ்வாய் மாலை 6.20

வாத்தியார் கணக்கு சரி. ஆனால் டிரைவர்கள் ஃபுல் ஸ்பீடிலேயா மாற்றுகிறார்கள்? கொஞ்சம் வேகம் குறைத்துத்தானே.

கணக்கு_வாத்தியார் | செவ்வாய் மாலை 6.35

குறைத்தால் அந்த அளவுக்குக் குறையும், மறுக்கவில்லை. ஆனால் 'கொஞ்சம் குறைப்பது' எதை வைத்து என்று பாருங்கள். பிரேக்கை வைத்தா, கிளட்சை வைத்தா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சின்னாறு | செவ்வாய் இரவு 8.00

என்னிடம் சிங்க்ரோ ஷட்டில் வண்டி. ஸ்டீயரிங் பக்கத்தில் தனி லிவர், முன்னால் தள்ளினால் முன், பின்னால் இழுத்தால் பின். எட்டு முன், எட்டு பின். நியூ ஹாலந்து எக்செல் 4710, அர்ஜுன் நோவோ மாதிரி வண்டிகளில் சில மாடல்களில் இந்த ஷட்டில் லிவர் உண்டு. இதில் ஓட ஓட மாற்றலாம் என்றுதான் விற்பவர் சொன்னார். நானும் அப்படித்தான் செய்கிறேன். பல் கடிப்பதில்லை.

பட்டறை_17 | செவ்வாய் இரவு 8.45

பல் கடிக்காது, சரிதான். சிங்க்ரோ ரிங் செய்வது அந்த ஒரு வேலையைத்தான். கியரும் ஷாஃப்டும் ஒரே வேகத்துக்கு வந்து சத்தமில்லாமல் சேர உதவும் ஒரு பித்தளை வளையம். கியர் பெட்டிக்குள் சுற்றும் சின்னச் சின்ன எடைக்குத்தான் அதற்குத் தெம்பு. மூன்று டன் வண்டியின் ஓட்டத்தைத் திருப்பிவிட அதனால் ஆகாது. அதைச் செய்வது நீங்கள் பெடலை விடும்போது பிளேட்தான். வாத்தியார் சொன்ன நாலு மடங்கு உங்களுக்கும் உண்டு, தம்பி. ரிங் தேய்மானம் அதற்கு மேல். ஷட்டில் லிவர் உங்களுக்கு மிச்சப்படுத்துவது கை அலைச்சலை. பிளேட்டை மிச்சப்படுத்துவது பிரேக்தான்.

பவர் ஷட்டில் என்றால் கதை வேறு. அதில் முன்னுக்கு ஒரு கட்டு, பின்னுக்கு ஒரு கட்டு என்று எண்ணெயில் முங்கிய கிளட்ச் தட்டுகள். சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போகும். லிவரைத் தட்டினால் போதும், பெடல் மிதிக்கவே வேண்டாம். அதற்கும் எண்ணெயும் ஃபில்டரும் நேரத்துக்கு மாற்ற வேண்டும், அங்கே கஞ்சத்தனம் பார்த்தால் கிளட்ச் பிளேட் விலை எல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிடும்.

சின்னாறு | செவ்வாய் இரவு 9.00

அப்போ விற்றவர் சொன்னது பொய்யா? எனக்கு 1,400 மணி நேரம் ஓடியிருக்கிறது, இன்னும் முதல் பிளேட்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எப்போதோ போயிருக்க வேண்டுமே.

பட்டறை_17 | செவ்வாய் இரவு 9.10

என்ன வேலை ஓட்டுகிறீர்கள்?

சின்னாறு | செவ்வாய் இரவு 9.12

ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை). வயல் ஓரத்தில் திரும்பும்போது மட்டும் ரிவர்ஸ்.

பட்டறை_17 | செவ்வாய் இரவு 9.15

😀 பதில் அங்கேயே இருக்கிறது.

மெசி_வன்னி | புதன் காலை 7.20

கிளிநொச்சியில் இருந்து. எங்கள் பக்கம் மெசி 240 தான் அதிகம். லோடர் வேலை குறைவு. பிளேட் போவது சேற்றில். வண்டி புதைந்தால் முன் ஒன்று பின் ஒன்று என்று ஊஞ்சல் ஆட்டுவார்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளட்சை அரைவாசி பிடித்து. பத்து நிமிடத்தில் வாடை வந்துவிடும். பலகை வைத்தோ, இன்னொரு வண்டியால் இழுத்தோ எடுக்கச் சொல்வேன். கேட்பவர் குறைவு.

வண்டல் | புதன் காலை 8.00

இங்கே திருவாரூர் பக்கமும் அதேதான். கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்டுச் சேறடிக்கும்போது மூலையில் மாட்டிக்கொண்டால் ஊஞ்சல்தான். ரிவர்ஸ் எடுக்கும்முன் ரோட்டவேட்டரைத் தூக்கிவிடு, பிடிஓவை (ரோட்டவேட்டரைச் சுற்றவைக்கும் ஷாஃப்ட்) நிறுத்து, பின்னால் ஆள் நிற்கிறதா பார் என்று நான் தினமும் கத்துகிறேன். கிளட்ச் போனால் காசோடு போச்சு. ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே பின்னால் வந்தால் கால் போகும்.

லோடர்_தம்பி | புதன் இரவு 9.30

நான் டிரைவர். ஆறு வருடமாகச் செங்கல் சூளையில் லோடர் டிராக்டர் ஓட்டுகிறேன். முதலாளிகள் பேசும் இழையில் டிரைவர் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

கரட்டுமேடு அண்ணா, அந்த ஆள் இதற்கு முன் என்ன வண்டி ஓட்டினார்? சம்பளம் நாளுக்கா, லோடுக்கா?

கரட்டுமேடு | புதன் இரவு 9.50

மூன்று வருடம் ஜேசிபி ஓட்டியவர். அதனால்தான் லோடர் வேலைக்குக் கைப்பழக்கம் இருக்கும் என்று எடுத்தேன். கூலி லோடுக்கு இவ்வளவு என்று.

லோடர்_தம்பி | புதன் இரவு 10.20

நினைத்தேன். ஜேசிபி 3டிஎக்ஸ்-இல் இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. உள்ளே எண்ணெய்தான் சுற்றிச் சக்தியைக் கடத்தும். கிளட்ச் பெடலே கிடையாது. ஸ்டீயரிங் பக்கத்து லிவரை முன்னும் பின்னும் தட்டிக்கொண்டே நாள் முழுக்க வேலை பார்க்கலாம், அதற்காகவே கட்டிய வண்டி. அந்தக் கை டிராக்டரில் உட்கார்ந்தால் டிராக்டரையும் அப்படித்தான் தட்டும். நானே முதல் மாதம் அப்படித்தான் ஒரு பிளேட்டைக் கருக்கினேன், திட்டும் வாங்கினேன்.

இப்போது நான் செய்வது:

லோ செகண்ட், லோ ரிவர்ஸ். வேறு கியர் தொடுவதில்லை. குவியலில் முட்டும்போது லோவில்தான் தள்ளும் பலம். ஹையில் முட்டினால் வண்டி திணறும், உடனே கால் தானாகக் கிளட்சுக்குப் போய் அரைவாசியில் நிற்கும், பிளேட் எரிவது பாதி அங்கேதான்.

ஹாண்ட் ஆக்சிலரேட்டரை 1500 ஆர்பிஎம் பக்கம் வைத்துவிடுவேன். லோடர் பம்ப் இஞ்சின் வேகத்தைப் பொறுத்துத்தான் தூக்கும். வாளி சீக்கிரம் ஏற வேண்டும் என்று 2000-க்கு முறுக்கிக்கொண்டு, வண்டி ஓடிவிடாமல் இருக்கக் கிளட்சை அரைவாசி பிடிப்பார்கள் பாருங்கள், அதைவிடக் கொடுமை இல்லை. வாளி ஏற நேரம் வேண்டுமென்றால் நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள்.

நிறுத்துவது பிரேக்கில். கிளட்சும் பிரேக்கும் சேர்த்து மிதி, வண்டி நிற்கட்டும், 'ஒண்ணு' என்று மனதில் எண்ணிவிட்டு கியரைப் போடு. அந்த 'ஒண்ணு' கியர் பெட்டிக்குள் சுற்றுவது அடங்குவதற்கு. பல் கடிக்காது. அப்புறம் பெடலை விடுவது. பாதிவரை பதமாக, வண்டி நகர்ந்ததும் முழுக்க விட்டுவிடு. ரொம்ப மெதுவாக விடுவதும் தப்பு, பிளேட் அவ்வளவு நேரம் உரசும்.

டிரெய்லரைக் குவியலுக்கு நேர் எதிரே நிறுத்த வேண்டாம். சாய்வாக நிறுத்தினால் லோடர் 'வி' போல ஒடிந்து வரலாம், தூரம் பாதியாகும்.

கடைசியாக ஒன்று. லோடுக்குக் கூலி கொடுத்துக்கொண்டே நிதானமாக ஓட்டு என்றால் யார் ஓட்டுவார்கள் அண்ணா?

கணக்கு_வாத்தியார் | புதன் இரவு 10.40

என் நாற்பது வரியைவிட இது உருப்படி.

கரட்டுமேடு | வியாழன் காலை 6.10

கூலி விஷயம் சுருக்கென்று இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லோவில் ஓட்டினால் 12 லோடு 8 லோடு ஆகிவிடாதா? பண்ணைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

லோடர்_தம்பி | வியாழன் காலை 6.25

கடிகாரம் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, அந்த ஆளைத் திட்டாமல் கேளுங்கள், பிரேக்கை ஏன் தொடுவதில்லை என்று. காரணமில்லாமல் எந்த டிரைவரும் பிரேக்கை விட்டுவிட்டு கிளட்சில் நிறுத்த மாட்டான்.

பட்டறை_17 | வியாழன் காலை 7.00

வண்டி மூடும்முன் பெடல் ஆட்டம் வைக்கச் சொல்லுங்கள். மேனுவலில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று இருக்கும். பொதுவாக ஓர் அங்குலம் பக்கம், பெருவிரல் அகலம். புதுப் பிளேட் ஓட ஓட இந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும், முதல் 50 மணி நேரத்தில் ஒரு தடவை பார்த்துத் திருத்தியாக வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், காலே வைக்காவிட்டாலும் பேரிங் ஃபிங்கரைத் தள்ளிக்கொண்டே நிற்கும்.

கரட்டுமேடு | ஞாயிறு இரவு 8.15

வண்டி வெள்ளிக்கிழமை வந்தது. ஃப்ளைவீல் முகம் எடுத்து, பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் புதிது. நேற்று நானே ஏறி உட்கார்ந்தேன், டிரைவர் கீழே செல்போனில் நேரம் பார்த்தார்.

முதல் லோடு, லோ செகண்ட், டிரெய்லர் பழைய இடத்தில்: 14 நிமிடம். அவர் ஹையில் ஓட்டும்போது 11. அடுத்த லோடுக்கு டிரெய்லரைச் சாய்த்து நெருக்கி நிறுத்தினோம்: பன்னிரண்டரை. என் கை இவ்வளவுதான், அவர் ஓட்டினால் இன்னும் குறையும். லோடுக்கு ஒன்றரை நிமிடத்துக்காகவா இரண்டு தடவை வண்டியைப் பிரித்தேன் என்று இருந்தது.

ஆனால் எழுத வந்தது அது இல்லை. மூன்றாவது வாளியில் லோடர்_தம்பி சொன்னபடி பிரேக்கை மிதித்தேன். வண்டி இடது பக்கம் வெட்டிக்கொண்டு போய் வாளி விளிம்பு டிரெய்லர் பலகையில் உரசியது. இறங்கிப் பார்த்தால், இடது வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி இல்லை, எப்போது விழுந்ததோ. அதுவும் இல்லாமல் வலது பிரேக் முக்கால்வாசி இறங்கினால்தான் பிடிக்கிறது. ஐந்தரை வருடம் கலப்பை ஓட்டும்போது நான் எப்போதும் வலது பக்கம் பிரேக் பிடித்துத்தான் திரும்புவேன். தேய்த்தது நான்.

டிரைவரிடம் கேட்டேன். 'பிரேக் மிதிச்சா டிரெய்லர்ல போய் இடிக்குதுங்கண்ணா, அதான் கிளட்ச்லயே நிறுத்திட்டு இருந்தேன்' என்றார். முதல் மாதமே சொல்லியிருக்கிறாராம், நான் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினேனாம்.

பட்டறை_17 | ஞாயிறு இரவு 8.40

கொக்கி சின்னச் சாமான், டிராக்டர் ஸ்பேர் கடையில் கிடைக்கும். மாட்டுவதற்கு முன் இரண்டு பெடலின் ஆட்டத்தையும் சமமாக வையுங்கள். பின் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றவிட்டு, பிரேக்கைச் சேர்த்து மிதித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க மறக்காதீர்கள்.

லோடர்_தம்பி | ஞாயிறு இரவு 9.05

கூலி என்ன ஆச்சு அண்ணா?

கரட்டுமேடு | ஞாயிறு இரவு 9.10

நாள் சம்பளம் ஆக்கிவிட்டேன். பத்து லோடுக்கு மேல் போனால் தனியாக ஒன்று. நாளைக்குக் காலையில் முதல் வேலை பிரேக்.